பகாவிலிருந்து போர்ட்டிக்சனுக்கு: பெரியவர்களின் கும்மிக் குழுவை வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப் போவது எப்படி

அறுபதைத் தாண்டிய அத்தைமார், அக்காமார், தாத்தாமார் சேர்ந்து கும்மியும் கோலாட்டமும் ஆடும் குழு ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது, அவர்களைக் கடலோர ஊர் ஒன்றுக்கு இரண்டு நாள் கூட்டிப் போய் ஆட வைக்க ஆசை என்றால், இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நான் எழுதுவது மலேசியாவில், நெகிரி செம்பிலானின் உள்ளே இருக்கும் பகாவிலிருந்து அதே மாநிலத்தின் கடலோர ஊரான போர்ட்டிக்சனுக்குப் போகும் கணக்கில். சுங்கை சிப்புட்டிலிருந்து லூமுட் போகிறவர்களுக்கும் கூலிம் பக்கத்திலிருந்து பினாங்கு போகிறவர்களுக்கும் ஊர்ப் பெயரும் பாதையும்தான் மாறும்.

ஏற்பாடு செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இதை ஒரு பிக்னிக் போலத்தான் போடுவார்கள். காலையில் ஒரு கோயில், மதியம் மீன் சாப்பாடு, அப்புறம் கடைத்தெரு, எல்லாம் முடிந்து ஆள் களைத்துப் போன நேரத்தில் "சரி பாட்டி, இப்ப ஆடுங்க" என்பார்கள். அப்படி ஆடினால் பார்க்கிறவர்கள் "இந்த வயசிலும் ஆடுறாங்களே" என்று கை தட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் போதாது. விடியாத நேரத்தில் எழுந்து ரப்பர் தோட்டத்தில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வருஷக்கணக்கில் பால் வெட்டிய உடம்புகள் இவை. அவர்கள் பாடுகிற பாட்டில் பாதி எங்கேயும் எழுதி வைக்கப்படாதது. பார்க்கிறவர்கள் கிட்ட வந்து "இந்தப் பாட்ட எங்க ஆயா பாடுவாங்களே, இன்னொரு தடவை பாடுங்க" என்று கேட்க வேண்டும். அதற்குப் பயணம், சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாவற்றையும் அந்த அரை மணி நேர ஆட்டத்தைச் சுற்றிப் போட வேண்டும். கடலில் கால் நனைப்பது, ஊர் சுற்றுவது எல்லாம் ஆட்டம் முடிந்த மறுநாள்.

ஆள் கணக்கும் உடம்புக் கணக்கும்

ஆடுகிறவர்கள் இருபது பேர் என்றால் கூட நிற்க இளையவர்கள் ஐந்து பேராவது வேண்டும். பேரப்பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகத் தெரியும், ஆனால் பேரன் வந்தால் பாட்டி ஆட மாட்டார், அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டும் தண்ணீர்ப் பக்கம் ஓடுகிறவனைக் கூப்பிட்டுக்கொண்டும் இருப்பார். மகன், மகள் வருவதாக இருந்தால் சொந்தக் காரில் வந்து பார்வையாளர்களோடு உட்காரட்டும்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயர் (குழுவில் கூப்பிடுகிற பெயரும் மைகார்டு பெயரும் பல பேருக்கு வேறு வேறாக இருக்கும், மருத்துவமனையில் போய்த்தான் அது தெரிய வரும்), வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கிளினிக்கில் கார்டு, எதற்கு ஒவ்வாமை. மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாத்திரைப் பையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அரசாங்கக் கிளினிக் கொடுக்கிற பொட்டலத்தில் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். போகிற ஊரில் கிளினிக் எங்கே, மருத்துவமனை எங்கே, ஆடும் இடத்திலிருந்து எவ்வளவு நேரம் என்பதையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். போர்ட்டிக்சனில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 999.

தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அதை எடுக்கிறவர்கள் பஸ் பயணம் என்றாலே அன்றைக்கு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துவிடுவார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கேட்டால் "அதெல்லாம் போட்டாச்சு தம்பி" என்பார்கள். அதட்டிப் பிரயோசனம் இல்லை. வழியில் கழிப்பறைக்கு எங்கெங்கே நிறுத்துவோம் என்று முந்தைய நாளே ஊர்ப் பெயரோடு சொல்லி, அதைக் காப்பாற்றிக் காட்டினால் அவர்களே குடிப்பார்கள். மாத்திரை நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்பதை ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், தானாக நிறுத்தக் கூடாது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. விருந்து சாப்பாட்டில் சர்க்கரை ஏறுவதை எல்லாரும் கவனிப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, சாப்பாடு தள்ளிப்போய், அதன் மேல் ஆடவும் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. கை நடுங்குவது, குப்பென்று வியர்ப்பது, பேச்சு தடுமாறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது இதெல்லாம் அறிகுறி. கடற்கரை வெயிலில் எல்லாருக்கும்தான் வியர்க்கும், அதனால் இதைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுவது சுலபம். ஆடும் இடத்தில் இரண்டு பிளாஸ்க் இருக்கட்டும், ஒன்றில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்), இன்னொன்றில் சீனி போட்ட தே ஓ, மூடி வேறு வேறு நிறத்தில். அறிகுறி தெரிந்தால் உட்கார வைத்து இனிப்பானதைக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும், தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்குக் கூப்பிடுங்கள். இன்சுலின் பேனாவைப் பஸ்ஸின் அடியில் சாமான் வைக்கும் இடத்தில் போடக் கூடாது, நிறுத்தி வைத்த பஸ் வெயிலில் கொதிக்கும். குளிர்ப்பையில், ஐஸ் கட்டி நேராகப் படாமல் துண்டில் சுற்றி, ஒரு இளையவர் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

நாள், நேரம், அனுமதி

மேற்குக் கரையில் மழை அதிகம் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும். ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த மாதங்கள், ஆனால் அந்தப் பருவத்தில்தான் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்ப் புயல் காற்று வரும், சில வருஷம் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதம், தைப்பூசம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டு போடலாம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா எந்த மாதமோ அதற்கு முந்தைய மூன்று வாரமும் விட்டுவிடுங்கள், பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் போர்ட்டிக்சனின் தெலுக் கெமாங் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அறையும் கிடைக்காது.

ஆட்டத்துக்கு நல்ல நேரம் மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால். அதற்கு முன்னால் வெயில் தாங்காது. அதற்குப் பின்னால் மக்ரிப் பாங்கு (அந்தித் தொழுகைக்கான அழைப்பு) வந்துவிடும். போர்ட்டிக்சனில் பெரும்பாலும் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் பொழுது சாயும், அதற்குக் கணிசமான நேரம் முன்பே மைக்கை அணைத்துச் சாமான் கட்டிவிட வேண்டும். பக்கத்தில் சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) எங்கே இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்து, முடிந்தால் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். மரியாதையாகச் சொன்னால் எல்லாரும் மரியாதையாகவே கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் கடல் ஏறி இறங்கும் நேரம். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். நீங்கள் ஒரு மாதம் முன்னால் போய்ப் பார்த்த அகலமான மணல்வெளி ஆட்டத்தன்று தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். அந்தத் தேதிக்கான பாசாங் சூரூட் (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வானிலைக்கு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலி போதும்.

கடற்கரை பொது இடம், ஒலிபெருக்கி வைத்து ஆடுவதற்குப் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகத்தில் எழுதிக் கேட்க வேண்டும், போலீஸ் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கடிதம் மலாய் மொழியில், குழுவின் பெயர், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒலிபெருக்கி உண்டா, குப்பையை யார் அள்ளுவார்கள் என்பது வரை எழுதி இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். வெள்ளிக்கிழமை நேரில் போவதாக இருந்தால் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டேமுக்கால் வரை அரசாங்க அலுவலகம் திறந்திருக்காது. மழை வந்தால் எங்கே ஆடுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அந்த ஊர்க் கோயில் மண்டபமோ, தமிழ்ப்பள்ளி மண்டபமோ, சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் மூத்தோர் நடவடிக்கை மையமோ (பாவே என்பார்கள்) கேட்டுப் பார்க்கலாம். பாவேயில் கேட்பதில் ஒரு கூடுதல் நன்மை, அங்கே வருகிறவர்களும் இதே வயதுக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் வட்டத்தில் வந்து நின்றுவிடுவார்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: கடைசியில் மொத்தமாகக் கேட்காதீர்கள். ஆறு மாதம் முன்பே தொடங்கி, ஒவ்வொரு பயிற்சி நாளிலும் ஆளுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) வாங்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள். கோயில் நிர்வாகமோ சட்டமன்ற உறுப்பினரோ கொடுத்தால் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். கட்ட முடியாத அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார், அவருடைய பங்கு எங்கிருந்து வந்தது என்று குழுவில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஆட்டத்தை எப்படி அமைப்பது

வட்டத்தை உடைக்காதீர்கள். மேடைக் கண்ணோட்டத்தில் பழகிய ஆசிரியர்கள் உடனே இரண்டு வரிசையாக நிறுத்தி, முன்னால் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். வரிசையில் நின்றால் ஒருவர் தவறினால் எல்லாருக்கும் தெரியும், பயம் வந்துவிடும். வட்டத்தில் ஒரு அடி தவறினால் பக்கத்தில் இருப்பவர் காலைப் பார்த்து அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். கும்மிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, கடற்கரையில் கூட்டமும் சுற்றி நின்றுதான் பார்க்கும். அதுவே வசதி.

வட்டத்துக்கு நடுவில் நான்கைந்து நாற்காலி போடுங்கள். நிற்க முடியாதவர்கள், முழங்கால் போனவர்கள் அங்கே உட்கார்ந்து கும்மி அடிக்கட்டும், பின்பாட்டுப் பாடட்டும். அவர்களை ஓரத்தில் பார்வையாளர்களோடு உட்கார வைத்தால் மனசு விட்டுப்போகும். நடுவில் உட்கார வைத்தால் தாளமே அவர்கள் கையில் வந்துவிடும், சுற்றி ஆடுகிறவர்கள் அவர்களைப் பார்த்துக் கை தட்டுவார்கள். ஆடுகிறவர்களில் யாருக்காவது மூச்சு வாங்கினால் நேராக நடுவில் வந்து உட்கார்ந்துவிடலாம். வெளியேறிப் போகிற மாதிரி இருக்காது, பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மணலில் புதையும், நாற்காலிக்கு அடியில் பலகை வையுங்கள்.

குனிவதைக் குறையுங்கள். இளம் வயதில் தரை வரைக்கும் குனிந்து அடித்த கும்மியை இப்போது இடுப்பளவில் அடித்தால் போதும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் தலையைத் தாழ்த்தி வேகமாக நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், ஒரு பாட்டுக்குள் அதை நாற்பது ஐம்பது தடவை செய்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சுற்றுவதும் தலைசுற்றலைக் கொடுக்கும், பாட்டுக்கு ஒரு தடவை திசையை மாற்றுங்கள்.

ஒரு பாட்டு நான்கு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு நிமிஷம் ஆடி, மூன்று நிமிஷம் நின்றபடியோ உட்கார்ந்தோ பேச்சு. அந்த இடைவெளியில் முன்பாட்டு எடுப்பவர் அடுத்த பாட்டு எந்தத் தோட்டத்தில் கற்றது, நடவுப் பாட்டா, முளைப்பாரிக்குப் பாடுவதா என்று இரண்டு வார்த்தை சொல்லட்டும். பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தை ரொம்பப் பிடிக்கும். பாடிக்கொண்டே ஆடுவது மூச்சைத் தின்னும், ஆகவே வட்டத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி ஆடும்போது மறு பாதி பாட வேண்டும். பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு ஆடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம். பதிவுக்கு ஆள் களைத்தது தெரியாது, அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பாடுகிற தொண்டையோ, கூடவே ஆடுகிறவர்களின் மூச்சைக் கேட்டு வேகத்தைக் குறைக்கும்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. கும்மிக்கு முடிவை நோக்கி ஓடுகிற குணம் உண்டு, கூட்டம் கை தட்டத் தொடங்கினால் வேகம் இரண்டு மடங்காகிவிடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரே ஒரு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் குழுவில் முன்பாட்டு எடுக்கும் அத்தைக்கு வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது, காலமெல்லாம் பால் வெட்டும் கத்தி பிடித்த கை. அவர் உள்ளங்கையைக் குழித்து, விரலைச் சேர்க்காமல் அடிப்பார், மற்றவர்கள் கை "பட் பட்" என்று கேட்கும்போது அவர் கை மட்டும் "தொப்" என்று கனமாக விழும். எவ்வளவு கூட்டத்திலும் அந்தச் சத்தம் தனியாகத் தெரியும், காலை வைப்பது அதைக் கேட்டுத்தான். ஆகவே மைக்கைப் பாட்டுக்கு ஒன்று, அந்தக் கைக்கு ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் குழுவிலும் அப்படி ஒரு கை இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பயிற்சியைக் கேட்டால் தெரிந்துவிடும்.

கோலாட்டம் சேர்த்தால், கோல் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தால் போதும், நீளமானது எதிரில் இருப்பவர் கண்ணாடியைத் தட்டிவிடும். கொய்யாக் கம்பு உறுதியாக இருக்கும். விரல் மூட்டு வீங்கியவர்களுக்குக் கைப்பிடியில் பழைய துணியை நாலு சுற்றுச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், வியர்வையில் வழுக்கவும் செய்யாது. ஒரு கண்ணில் புரை உள்ளவருக்கு, இணை எப்போதும் நல்ல கண் பக்கம் வருகிற மாதிரி இடம் மாற்றி நிறுத்துங்கள். "கவனமா ஆடுங்க" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட இது உதவும்.

மணல். காய்ந்த மணலில் நடக்கவே கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், ஆடுவதற்குக் கேட்கவே வேண்டாம். கணுக்காலும் பிசகும். தண்ணீர் இறங்கிய பிறகு இருக்கும் ஈரமான கெட்டி மணல் நல்லது, புல்தரை அதைவிட நல்லது, கடலோர நடைபாதைச் சிமெண்ட் கொஞ்சம் கடினம் ஆனால் நம்பலாம். மணல் மேல் தார்ப்பாய் விரிக்காதீர்கள், மடிப்பு தடுக்கி விடும். இனிப்பு நீரில் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டையும் சிப்பி குத்துவதையும் உணர மாட்டார்கள், தோல் கொப்பளித்தது ராத்திரிதான் தெரியும். அவர்கள் எந்தத் தரையானாலும் பின்பக்கம் வார் உள்ள, ரப்பர் அடி வைத்த செருப்போடுதான் ஆட வேண்டும், ஜப்பான் சிலிப்பர் (விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு) வேண்டாம். "சாமி பாட்டுக்குச் செருப்போட ஆடறதா" என்று கேட்பார்கள். அம்மன் பாட்டை அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடட்டும், மற்ற பாட்டுக்கு எழுந்து ஆடட்டும். இப்படிச் சொன்னபோது யாரும் மறுத்ததில்லை.

ஊரில் பயிற்சியை மண்டபத்துக்குள்ளேயே முடித்துவிடாமல், கடைசி மூன்று வாரம் திடலில் புல்லில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தரை மணிக்கே. மண்டபத்தில் சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். வெளியில் தன் குரல் தனக்கே கேட்காமல் போவது முதல் தடவை எல்லாரையும் பதற வைக்கும், அந்தப் பதற்றம் ஊரிலேயே தீர்ந்துவிட வேண்டும். மாலையில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். முன்பாட்டுக்காரர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் குரல் கூட்டத்தை நோக்கிப் போகும், மைக்கில் காற்று இரைச்சலும் குறையும். சூரியன் கடல் பக்கம்தான் இறங்கும் என்பதால் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும், மரநிழல் உள்ள பக்கமாகப் பார்த்து அவர்களை உட்கார வையுங்கள்.

சேலை பற்றி அக்காமார்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள், ஆனாலும்: கரை கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும், நனைந்த கரை கனத்துக் காலைச் சுற்றும். முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிட வேண்டும். பருத்தியாக இருந்தால் உடம்புக்கு நல்லது. பூவைப் பகாவிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

பாதையும் படுக்கையும்

பகாவிலிருந்து கோலப்பிலா, அங்கிருந்து புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறி இறங்கிச் சிரம்பான், அப்புறம் போர்ட்டிக்சன். சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர்தான். நிறுத்தத்தோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். புக்கிட் புத்துஸில் பழைய பாதை பாம்பு மாதிரி வளையும், புதிய பாதையில் போகச் சொல்லி ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள். வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காரட்டும், இஞ்சி மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். முதல் நிறுத்தம் கோலப்பிலா, அடுத்தது உலு பெண்டுல், மூன்றாவது சிரம்பானைத் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையம். முழங்கால் மடங்காதவர்களுக்கு உட்காரும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே யாராவது போய்ப் பார்த்து வர வேண்டும், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், தண்ணீர் குடிப்பது குடிக்காதது எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஏறி இறங்கப் பஸ் படி உயரமாக இருக்கும், ஒரு குட்டி முக்காலி எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 1 முதல் சுற்றுலாப் பஸ்களில் சீட் பெல்ட் கட்டாயம், எல்லா இருக்கையிலும் பெல்ட் வேலை செய்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஏறிப் பாருங்கள்.

காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீட்டிலேயே பசியாறிவிட்டு வரலாம். பதினொன்றரைக்குள் போய்ச் சேர்ந்து, பன்னிரண்டரைக்குச் சோறு, பிறகு நாலு மணி வரைக்கும் அறையில் படுக்கை. யாரும் கடலுக்குப் போகக் கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருங்கள்; கடலைப் பார்த்ததும் எல்லாருக்கும் கால் பரபரக்கும், மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் மாலை ஆட்டம் போய்விடும்.

அறை எடுக்கும்போது லிஃப்ட் உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா, இன்சுலினுக்குக் குளிர்பெட்டி இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். ரப்பர் விரிப்பு நாலைந்து கையோடு கொண்டு போய்க் குளியலறையில் போடுங்கள், புது இடத்தில் ராத்திரி எழுந்து விழுவதுதான் இந்த வயதில் பெரிய பயம். குளியலறை விளக்கை இரவு முழுக்க எரிய விடுங்கள். ஓர் அறையில் படுப்பவர்களை நட்பு பார்த்து மட்டும் பிரிக்காமல், கண் நன்றாகத் தெரிகிற ஒருவரும் காது நன்றாகக் கேட்கிற ஒருவரும் இருக்கும்படி பாருங்கள்.

ஆட்டமும் அடுத்த நாளும்

நாலரைக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் தேநீரும். வயிறு நிறைய வேண்டாம், காலியாகவும் வேண்டாம். ஐந்துக்கு இடத்துக்குப் போய்த் தரையைக் கையால் தடவிச் சிப்பி, உடைந்த கண்ணாடி, குச்சி எல்லாவற்றையும் இளையவர்கள் பொறுக்கி எடுக்க வேண்டும். அதே நேரத்தில் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணுக்கால், மணிக்கட்டு, தோள் சுழற்றட்டும், மெதுவாக ஒரு பாட்டைப் பாடித் தொண்டையைத் திறக்கட்டும். சேலை கட்டிய பிறகு இரண்டு மிடறு தண்ணீர் எல்லாருக்கும், பார்த்து நின்று குடிக்க வையுங்கள்.

கூட்டம் தானாக வரும் என்று இருக்க வேண்டாம். லுக்குட், லிங்கி, சுவா பெத்தோங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அங்குள்ள கோயில்களில் இரண்டு வாரம் முன்னால் போய்ச் சொல்லி வைத்தால் வருவார்கள். கடைசிப் பாட்டுக்கு அவர்களையும் வட்டத்துக்குள் கூப்பிடுங்கள். அப்போதுதான் "எங்க தோட்டத்துல இத வேற மாதிரி பாடுவோம்" என்று யாராவது ஒரு வரியை எடுப்பார்கள். அந்த வரிக்காகவே ஒருவர் கைப்பேசியைப் பதிவில் வைத்துக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். இந்தப் பாட்டுகள் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள், ஒரு புது வரி கிடைத்தாலும் எனக்கு அந்தப் பயணம் முழுவதும் பலன்தான். படம் எடுப்பவர்களிடம், யாருடைய முகத்தையும் கேட்காமல் டிக்டாக்கில் போட வேண்டாம் என்று ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள். சில அக்காமார்களுக்கு அது பிடிக்காது.

மறுநாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கடல் அவர்களுடையது. முழங்கால் வரைக்கும் தண்ணீரில், இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, காலில் செருப்போடு. காலில் புண் உள்ளவர்கள் கரையிலேயே இருக்கட்டும். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், அது காட்டுக்குள் ஏற்றம், முழங்கால் நன்றாக உள்ள நாலைந்து பேர் மட்டும் ஒரு இளையவரோடு போகலாம். மார்ச் வாக்கில் போனால் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் பருந்துக் கூட்டங்களைக் கடற்கரையில் உட்கார்ந்தபடியே பார்க்க முடியும், அண்ணாந்து பார்க்க ஒரு பாயை விரித்துக் கொடுங்கள் போதும்.

பகல் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், புக்கிட் புத்துஸை இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். அடுத்த வாரப் பயிற்சியைப் பாட்டு மட்டும் என்று வைத்துக்கொண்டு, எல்லாரும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள்; கீறல், கொப்புளம், கால் வீக்கம் எது இருந்தாலும் அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். வரவு செலவைப் படித்துக் காட்டிவிட்டு, கடற்கரையில் பதிவு செய்த அந்தப் புது வரியைப் போட்டுக் கேட்டு, முன்பாட்டுக்காரரோடு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பாடிக் கொடுத்தவரின் தோட்டத்துப் பெயரையும் சேர்த்து.